மாறி எரிந்த சிவப்பு லைற்

குருநகரில் கிற்றார் வாசிக்கும் அன்ரன் அண்ணை அம்பிளிபயரின் எக்கோவை, அதாவது எதிரொலியை, மிதித்துப் போடவும் நிறுத்தவும் உள்ள தன் கால் சுவிச்சை என் ரேடியோ திருத்தும் கடைக்குக் கொண்டுவந்தார். "மிதிச்சா எக்கோ வேலை செய்யுதோ இல்லையோ தெரியேல்லை. ஒரு லைற் பூட்டித் தாரும் தம்பி."

எப்படிப் பூட்டலாம் என்று பார்க்க எனக்கும் ஆசை. சின்னச் சிவப்பு லைற் ஒன்றைப் பூட்டி, உப்புத்தண்ணீர் விட்டு உயிர்ப்பித்த இரண்டு பற்றரிகளை இணைத்தேன். மிதித்தால் எரிந்தது. ஊரில் கரண்ட் இல்லாத காலம். அம்பிளிபயரில் போட்டுப் பார்க்க வழியில்லை. லைற் எரிந்ததே போதுமென்று கொடுத்துவிட்டேன்.

வேதக்கோயிலில் பாட்டு ஒத்திகைக்கு மண்ணெண்ணெய் ஜெனரேற்றரை இயக்கினார்கள். அண்ணை மிதித்தார். லைற் எரிந்தது, எக்கோ வரவில்லை.

"அம்பிளிபயர் பழுது போல," என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

அவர் மறுபடி மிதித்தார். லைற் அணைந்தது, எக்கோ கோயிலை நிறைத்தது. வீட்டுச் சுவிச்சைப் போல, உள்ளே வயர் இரண்டும் தொட்டால் வேலை தொடங்கும் என்று நினைத்திருந்தேன். இதிலோ தொட்டால் லைற் எரியும், எக்கோ நின்றுவிடும்.

பாடுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான் மாறி மிதிச்சுப் போட்டன்," என்றார் அண்ணை.

இன்றைக்குத்தான் சொல்கிறேன்: அவருடைய கால் பிழை விடவில்லை, லைற்றை மாறிப் பூட்டியது நான்தான்.