பன்றித் தாடைக்கு மூத்தவன்

ஐம்பத்திரண்டு வயதாகியும் ஹுமாலாவுக்கு ஒரு பன்றித் தாடை எட்டாக்கனியாகவே இருந்தது. சமோசிர் தீவில் எந்த விருந்தானாலும் தாடை மூத்த கிளைக்குத்தான். அது பங்காளி சிஹாரின் தட்டுக்குப் போகும். இவனுக்கு விலா எலும்பு. சிஹார் வாசலில் கிடக்கும் அவன் முப்பாட்டன் உட்கார்ந்த கல், இவன் வாசலில் இவன் முப்பாட்டன் உட்கார்ந்த கல்லைவிடப் பழையதாம்; அதனால் அவன் கிளைதான் மூத்ததாம். யார் பார்த்தது?

எரிமலைப் பாறைகளுக்கு வயது கணிக்க வரும் ரெத்னோ அம்மாவுக்கு ஹுமாலா இருபது வருடமாகக் கல் சுமக்கிறான். பாறையை இடித்து, சலித்து, குருணையிலும் சிறிய படிகங்களைப் பொறுக்கி, அவற்றில் யுரேனியம் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று பார்த்து வயது சொல்வார்கள். இந்த முறை மூட்டையில் இரண்டு துண்டுகளைக் கூடுதலாகப் போட்டான். ஒன்று தன் வாசல் கல். மற்றது சிஹார் அசந்த நேரத்தில் அவன் வாசல் கல்லிலிருந்து உடைத்து எடுத்தது.

காலைக் காப்பி மட்டும் சிஹாரின் மனைவி ருமொண்டாங்கின் கடையில்தான். அவளோடு வாயாடாமல் அவனுக்குப் பொழுது விடியாது.

"என்ன கொழுந்தனாரே, உங்க கல்லு வயசுக்கு வந்திடுச்சா?"

"வரட்டும் அண்ணி. அப்புறம் உங்க வீட்டுக்காரருக்கு விலா எலும்புதான்."

"இருக்கறது நாலு பல்லு. அவருக்கு எதைக் குடுத்தா என்ன?"

முடிவு வந்த அன்று குலத்துப் பெரியவர்கள் கடையில் கூடினார்கள். ரெத்னோ அம்மா காகிதத்தைப் பிரித்தார்.

"ரெண்டு கல்லும் ஒரே வெடிப்புல வெளிய வந்தது. எழுபத்து நாலாயிரம் வருஷம்."

ஹுமாலாவின் முகம் தொங்கிப் போனது.

"ஆனா ஹுமாலா கல்லுல இருக்கற படிகம், வெடிக்கறதுக்கு லட்சம் வருஷம் முன்னாடியே பூமிக்குள்ள பாறைக்குழம்புல உருவாயிடுச்சு."

சிஹார் துள்ளி எழுந்தான். "வயித்துக்குள்ள ரொம்ப நாள் கெடந்தா மூத்தவனா? அவன் சோம்பேறிடா!"

"கருவுல முந்தினவன்தான்டா மூத்தவன்!" என்று ஹுமாலாவும் எழுந்தான்.

"ஐயோ, இது வயித்து விஷயமே இல்லைங்க" என்றார் ரெத்னோ அம்மா. யார் காதிலும் விழவில்லை. மூன்று பானை காப்பி தீர்ந்த பிறகு தலைக்கட்டுப் பெரியவர் கனைத்தார்.

"லட்சம் வருஷம் காத்திருந்தவனுக்கு ஒரு தாடை குடுத்தா என்ன குறைஞ்சு போச்சு? ஹுமாலாதான் மூத்தவன்."

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் ஹுமாலா தாடையைக் கடித்துக்கொண்டே அழுதான். அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலை கடைக்குப் போனான். "அண்ணி, ஒரு காப்பி."

ருமொண்டாங் முகத்தைத் திருப்பிக் கடைத் தூணைப் பார்த்தாள். "தூணே, மூத்தார் வந்திருக்கார். சர்க்கரை வேணுமான்னு கேளு."

"விளையாடாதீங்க அண்ணி."

"அவ இப்போ உனக்குத் தம்பி பொண்டாட்டி, அண்ணே" என்றான் மூலையிலிருந்த சிஹார். "நேருக்கு நேர் பேசலாமா? ஊரு என்ன சொல்லும்?"

ஊர் வழக்கம் அது. ஹுமாலாவுக்குத் தெரியாததல்ல, தாடை ஆசையில் மறந்திருந்தான். இனி சாகும்வரை இந்தத் தூணோடுதான் பேச்சு. அவனும் தூண் பக்கம் திரும்பினான்.

"தூணே, வயித்துல கெடந்ததை எல்லாம் கணக்குல சேர்க்க வேணாம், நான் சின்னவனாவே இருந்துக்கறேன்னு சொல்லு."

"தீர்ப்பு சொன்னா சொன்னதுதான், தூணே." அவள் குரல் உடைந்தது. "ஒரு தாடைக்கா இத்தனையும்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அடுப்படியிலயே ஒளிச்சு வெச்சுக் குடுத்திருப்பேனேன்னு அவர்கிட்ட சொல்லு."