பொய்யர்களை விழுங்காத பூதம்

பூதம் செய்வது எங்கள் தொழில். பழைய பூதத்தைப் புதிய பூதம் என்று விற்பது எங்கள் பிழைப்பு.

நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, வீரனாகவும் மந்திரவாதியாகவும் நடிப்பார்களே, அந்த விளையாட்டுக்குப் புத்தகம் போடும் சின்னக் கம்பெனி எங்களுடையது. டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடி. விருதுநகரிலிருந்து ஐ.டி. வேலைக்கு இந்த வங்காளி ஊருக்கு வந்த நான், அதை உதறிவிட்டு இங்கே பூதம் எழுதச் சேர்ந்தேன். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைப் ‘புதிய பதிப்பு’ என்று சொல்லிக் கெடுக்கும் ஆபீஸ்களில் சம்பளம் வாங்கும் அத்தனை பேரும் என் உறவினர்கள்தான். வாருங்கள், சேர்ந்து அழுவோம்.

போன பதிப்பில் நான் படைத்த பூதத்தின் பெயர் வாயன். தொப்பைக்காரன். ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பான். கடக்க வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பான். உண்மை சொன்னால் வழிவிடுவான், பொய் சொன்னால் விழுங்கிவிடுவான். முழுக்க முழுக்க நானே யோசித்துச் செய்த பூதம் அவன் ஒருவன்தான். புதிய பதிப்பு என்ற பேச்சு எழுந்ததும் எனக்கு வேறு கவலையே இல்லை. இவனை இவனாகவே விட்டுவைப்பார்களா?

பந்தல் தத்துவம்

முதலாளி பாபுன் தா பெஹாலாக்காரர். இங்கே அண்ணன் என்றால் ‘தா’ அல்லது ‘தாதா’, அக்கா என்றால் ‘தி’. அவர் பேட்டை துர்கா பூஜைக் கமிட்டியில் பெரிய கை. புதிய பதிப்புக்கு அவர் போட்ட உத்தரவு எளிமையானது. எல்லாப் பூதத்துக்கும் கொம்பைக் கூட்டு, பலத்தைக் கூட்டு, பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு எவனும் ஆட முடியாதபடி செய். ஏற்கெனவே கொம்பு இருந்தால்? இன்னும் இரண்டு. நத்தைப் பூதத்துக்குமா? அதற்கும்தான்.

“வாயன் யாரையும் முட்ட மாட்டானே, அவனுக்கு எதுக்குக் கொம்பு?” என்று கேட்டேன். பாபுன் தா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“வருஷா வருஷம் வர்றது அதே மா துர்காதான் செல்வி, அதுக்காகப் போன வருஷப் பந்தலையே போட்டா எவன் வருவான்?”

ஜிம்முக்குப் போனவன்

படம் வரைகிறவள் மௌமிதா. கெட்டிக்காரி, ஆனால் அவள் கைபட்ட பூதம் எதுவானாலும் வயிற்றில் ஆறு கட்டு விழுந்துவிடும். அவள் வரைந்து நீட்டிய வாயனைப் பார்த்து எனக்கு அடையாளமே தெரியவில்லை. தோள் இரண்டும் அலமாரி அகலம். அத்தனை பேரை விழுங்கியவனுக்கு வயிறு ஒட்டிக் கிடக்கிறது! “இவன் உட்கார்ந்தே இருக்கிறவன்மா, தொப்பை எங்கே?” என்று கெஞ்சினேன். அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னாள்:

“தொப்பைக்கு எங்க காகு, அதான் சித்தப்பா, போதும் செல்வி தி, அவரைப் பார்க்க யாராவது காசு குடுத்துப் புத்தகம் வாங்குவாங்களா?”

மீன் கேள்வி

அச்சுக்குப் போகும் முன் ஆடிப் பார்ப்பது வழக்கம். ஜாதவ்பூரில் மாணவர்கள் நாலு பேர் தங்கியிருந்த வீட்டில் உட்கார்ந்தோம். கதை நடத்துவது நான். வாயன் எப்படிப்பட்டவன் என்று இவர்களுக்குப் புரிந்துவிட்டால் முதலாளியும் வழிக்கு வருவார் என்று நம்பினேன். ஆற்றங்கரை வந்தது. வாயன் கேள்வி கேட்க வேண்டும். ஆறு ஆயிற்றே என்று, யோசிக்காமல், “மீன்களிலேயே சிறந்தது எது?” என்று கேட்க வைத்துவிட்டேன்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருத்திதான் அந்தத் தப்பைச் செய்வாள். ஒருவன் இலிஷ் என்றான். ஒருவன் இறால் என்றான். பூர்வீகம் கிழக்கு வங்காளம் என்றால் இலிஷ் மீன், மேற்கு என்றால் இறால் என்று இங்கே பரம்பரைச் சண்டையாம். இலிஷ் என்றவன் பகடையை வீசி எறிந்தான். எந்த நதி இலிஷ், கடுகு அரைத்தா அரைக்காமலா, யாருடைய தாத்தா எந்தக் கரையிலிருந்து வந்தவர் என்று டீ மூன்று சுற்று ஓடியது. பொய் எது என்று முடிவாகாமல் வாயன் பட்டினி கிடந்தான். ஆனால் சொல்லவேண்டும், அப்படிச் சந்தோஷமான ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. கிளம்பும்போது இலிஷ் கட்சிக்காரன் வாசல்வரை வந்து கத்தினான்:

“இறாலை மீன்னு சொல்றான் செல்வி தி, முதல்ல இவனை விழுங்கச் சொல்லுங்க!”

தீர்ப்பு

பாபுன் தாவுக்கு அந்தச் சந்தோஷம் கணக்கில் வரவில்லை. மாலை முழுக்க ஆடியும் ஒரு கத்திக்குத்துகூட இல்லையே என்றார். கேள்வியை எடுத்துவிட்டு ஒரு கதாயுதத்தைக் கொடு என்றார். கேள்வி போனால் வாயனே இல்லை என்று நான் குரலை உயர்த்தினேன். உயர்த்தியதும் வெட்கமாக இருந்தது. சரி, பொய்யர்களை விழுங்குவதையாவது விட்டுவையுங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

“பொய் சொன்னா சாகணும்னு வச்சா, இந்த ஊர்ல யாரும்மா மிஞ்சுவா ஆடறதுக்கு?”

அதே வாயன்

புத்தகம் வந்தது. நாலு கொம்பு, கதாயுதம், கட்டு கட்டாய் வயிறு. பெயர் மட்டும் என்னுடையது. வெளியீட்டன்று எங்கள் பழைய வாசகர் ஒருவர், வழுக்கைத் தலை, தோளில் ஜோல்னாப் பை, மகளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெண் வீட்டில் யாராவது கதை விட்டால் உடனே “வாயன் வருவான்” என்று மிரட்டுவாளாம். இவரும் அவளுக்குப் பயந்தே உண்மை பேசுகிறாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. “புதுசுலயும் அவன் கேள்வி கேப்பானா?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பாபுன் தா புத்தகத்தைப் பையில் போட்டு அவர் கையில் திணித்தார்.

“ஒரு எழுத்துகூட மாத்தல தாதா, வேணும்னா அவனைப் படைச்ச செல்வியையே கேளுங்க!”

பழைய வாயன் மட்டும் அன்று அங்கே உட்கார்ந்திருந்தால், முதலில் பாபுன் தாவையும், அடுத்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ‘ஆமாம்’ என்று தலையாட்டிய என்னையும் விழுங்கி ஏப்பம் விட்டிருப்பான்.