படகில் குடியேறப் போனவர்

உறையூரில் எங்கள் மாடியில் குடியிருந்தவர் ஓய்வுபெற்ற நர்ஸ். ஒல்லியான உடம்பு, ஒட்ட வெட்டிய நரைமுடி. ஆலப்புழைப் பக்கம் பழைய படகு வாங்கி, அதிலேயே வாழப் போவதாகச் சொன்னார். பழகிக்கொள்ள, ஹாலில் படகின் அளவுக்குச் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். ஒரு மாதமாகச் சமையல், தூக்கம் எல்லாம் அதற்குள்தான்.

“மூணு ரூம் இருக்கே, எதுக்குங்க இந்தக் கஷ்டம்?” என்றேன்.

“கனடாவுல இருக்குற பையன் வருவான்னுதான் மூணையும் தினம் கூட்டிக்கிட்டிருந்தேன். இனிமே வரமாட்டானாம். இங்க இருந்தா வாசலையே பாக்கத் தோணுதுங்க. படகுல வாசல் கிடையாதுல்ல?”

போன வாரம் கிளம்பிவிட்டார். மூன்று வருஷமாக மேலே ஓயாமல் நடந்துகொண்டிருந்தவர். அந்தச் சத்தத்துக்காக நான் முகம் சுளித்ததுண்டு. அப்போதே ஒருநாள் மேலே போய், கொஞ்சம் உட்காருங்க என்று சொல்லியிருக்கலாம்.