ஹாலில் விழாத வெயில்

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். வீடு எழும்புவதற்கு முன்பே அதன் உட்புறம் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் செய்து தருவது என் தொழில். மந்தாரக்குப்பத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ரிட்டயர்மென்ட் நெருங்கி, கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய சுரங்க டவுன்ஷிப்காரர்கள்.

அவரும் அப்படித்தான் வந்தார். மைன்ஸில் வேலை. மந்தாரக்குப்பத்திலேயே மனை வாங்கி, அஸ்திவாரமும் போட்டாகிவிட்டது. என்ஜினீயர் வரைந்த ஃபைலைக் கொடுத்துவிட்டு, "ஹால் மட்டும் போதும்மா. நல்லா வெளிச்சமா, எல்லாம் பளிச்சுனு தெரியணும்" என்றார். எல்லோரும் முதலில் கேட்பது வீட்டின் முகப்பைத்தான். ரோட்டில் போகிறவர்கள் பார்ப்பது அதைத்தானே. இவருக்கு மட்டும் ஏன் ஹால்? அப்போதே எனக்கு எங்கேயோ இடித்தது.

முதல் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "இருட்டா இருக்கேம்மா. சோபா ஓரமெல்லாம் மங்கலா இருக்கு." உண்மைதான். படத்துக்குள் இருக்கும் சூரியனின் பிரகாசத்தைக் கூட்டினேன். ஹால் அசைந்து கொடுக்கவில்லை. படத்துக்குள் இருக்கும் கேமராவின் கண்ணை அகலத் திறந்துவிட்டேன், மூலைகளில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் வந்தன. புள்ளிகளைத் துடைக்கும் வசதியைப் போட்டால், கதவு மரத்தின் ரேகைகளையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. கம்ப்யூட்டரில் படத்தை ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டு பண்ருட்டியில் பழசாக வாங்கியது. பழுதானதைத்தான் என் தலையில் கட்டிவிட்டான் என்று அந்தக் கடைக்காரனை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அவர் விடவில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் தனியாக வருவார், பார்ப்பார், இன்னும் வெளிச்சம் வேண்டும் என்பார். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றால் பதறுவார். "வேணாம்மா. வீட்ல பாத்துடுவாங்க." வீட்டுக்காரிக்குத் தெரியாமல் வீட்டுக்குப் படமா? என் சந்தேகம் கடைக்காரனை விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பியது.

ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் கேமராவை ஜன்னலுக்கு வெளியே நகர்த்திப் பார்த்தேன். அங்கே ஒரு சுவர் நின்றது. என்ஜினீயர் பக்கத்து வீட்டையும் சேர்த்து வரைந்திருக்கிறார். நான் கவனிக்காமல் அப்படியே ஏற்றிவிட்டேன். கம்ப்யூட்டர் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. நம்பாமல் வண்டியை எடுத்துக்கொண்டு மனைக்கே போனேன். ஜன்னல் வரப்போகும் இடத்திலிருந்து கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு நெருக்கத்தில் இரண்டு மாடிச் சுவர். டவுன்ஷிப் ஆட்கள் செய்கிற தப்பு இது. குவார்ட்டர்ஸைச் சுற்றி வெறும் இடமும் மரமுமாகவே பார்த்துப் பழகியவர்கள், பக்கத்து மனை காலியாகக் கிடந்தால் அது என்றைக்கும் காலியாகவே கிடக்கும் என்று நம்பிவிடுவார்கள்.

அடுத்த முறை வந்தபோது கேட்டேன். "தெரியும்மா. படத்துல மட்டும் அந்தச் செவுத்த எடுத்துடுங்க" என்றார், சர்வ சாதாரணமாக.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாழ்நாளெல்லாம் வெளிச்சமான குவார்ட்டர்ஸில் இருந்த மனைவியிடம் இந்தப் படத்தைக் காட்டி, காதில் பூ சுற்றி, இருட்டு ஹாலில் கொண்டுபோய் உட்கார வைக்கப் போகிறார். அதற்கு நான் உடந்தை. "மேடத்தைக் கூட்டிட்டு வாங்க சார். அவங்க பாக்காம நான் படம் குடுக்க மாட்டேன்" என்றேன். வாசல் வரை போய்த் திரும்பினார். பிறகு சரி என்றார்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். சுவர் உள்ளது, இல்லாதது என இரண்டு படங்களும் தயாராக வைத்திருந்தேன். சுவரை நீக்கியதும் காலை வெயில் தரை வரை விழுந்து, புள்ளிகள் மறைந்து, டைல்ஸ் இணைப்புகூடத் துல்லியமாகத் தெரிந்தது. பொய் இத்தனை அழகாக வந்ததில் எனக்கு ஆத்திரம்தான். அந்தம்மா என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று அதையே முதலில் காட்டினேன்.

அந்தம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முகத்தைத் திரைக்கு வெகு அருகில் கொண்டுபோனார். இடது மூலையிலிருந்து தலையை மெல்ல நகர்த்தினார். என்னைப் போலவே குறை தேடுகிற ஆள் என்று எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

"ஜன்னலு எங்க கீது?" என்று கேட்டார்.

படத்தில் இருந்ததிலேயே பெரியது ஜன்னல்தான். கணவர் அவர் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "கண் நரம்பு போயிட்டு இருக்கும்மா. நடுவுல கொஞ்சூண்டுதான் தெரியுது. வீடு முடியறப்ப அதுவும் இருக்காதுங்கறாரு டாக்டரு. அதான், இப்பவே நல்லா பாத்துடட்டும்னு. மங்கலா இருந்தத பாத்துட வேணாம்னுதான் தனியா வந்தேன்."

அந்த மனிதரை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்.

"இம்மாம் வெயிலு எப்படி வரும்?" அந்தம்மா கணவர் பக்கம் திரும்பினார். "பக்கத்து வூட்டு செவுரு என்னாச்சு?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பூஜ போட்ட அன்னிக்கே தொட்டுப் பாத்தேனே." பிறகு என்னிடம், "செவுரு இருக்கறதயே போடு கண்ணு. இல்லாத வெளிச்சத்த மனசுல வெச்சிக்கினு நான் எப்படி அங்க நடமாடறது? இருட்டா இருந்தா இருக்கட்டும். எது எங்க கீதுன்னு ஓரம் தெளிவா தெரிஞ்சா போதும்."

சுவரைத் திரும்ப வைத்தேன். சூரியனைத் தொடவில்லை. பிளானில் இருந்த டியூப்லைட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றி, சுவருக்கும் சோபாவுக்கும் நிறம் ஒட்டாமல் பிரித்து, கம்ப்யூட்டரைப் பொறுமையாக ஓட விட்டேன். ஓரங்கள் கோடு போட்டதுபோல் வந்தன. வாசலிலிருந்து விரலால் தடவிக்கொண்டே போனார் அந்தம்மா. கதவு, ஷெல்ஃப், ஜன்னல், சோபா. மறுபடி வாசலிலிருந்து. சோபாவில் விரல் நின்றது.

"இது நெசமாவே இங்கதான் இருக்குமா?"

அது என் கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் போடுகிற சோபா, சும்மா அழகுக்கு. சொல்ல வாயெடுத்தேன். "இங்கதான். இதேதான்" என்று கணவர் முந்திக்கொண்டார்.

"அப்பறம் நவுத்தக் கூடாதுங்க."

"நவுத்த மாட்டேன்."

கணவர் என்னிடம் பேனா வாங்கி, சோபாவின் நீளத்தையும் அகலத்தையும் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அந்தம்மா திரையிலிருந்து முகத்தை எடுக்காமலே, "ஒயரத்தையும் கேட்டுக்குங்க" என்றார்.