ஹீரோ உட்கார்ந்த சீட்டுக்கு ரெண்டு லட்சம் ஜாஸ்தி

இன்று என் பழைய காரை விற்கலாம் என்று சங்கராபுரம் ரோட்டில் கடை போட்டிருக்கும் கார் புரோக்கரிடம் போனேன்.

பன்னிரண்டு வருடமாக நான் மட்டுமே ஓட்டிய வண்டி. ஒரு கீறல் கிடையாது.

சுற்றி வந்து பார்த்தார். "ரேட்டு ரொம்ப கம்மியாத்தான் போவும். டீச்சர் ஓட்டின வண்டின்னா யாருங்க கேப்பாங்க?"

பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். முன்பக்கம் நசுங்கியிருந்தது. ஆனாலும் அதற்கு மட்டும் சாமந்தி மாலை.

"இதுக்கு ரெண்டு லட்சம் ஜாஸ்தி டீச்சர். கல்வராயன் மலை ஷூட்டிங்ல ஹீரோ ஓட்டின வண்டி. அவரு உக்காந்த சீட்ட இன்னும் தொடைக்கவே இல்ல."

கதவைத் திறந்ததுமே தெரிந்தது, மூக்குக்கு.

அங்கே கார் கழுவிக்கொண்டிருந்த அண்ணன் சிரித்துவிட்டார்.

"அவுரு எங்க ஓட்டனாரு? அவுருக்கு கியரே போடத் தெரியாதுங்க. வண்டிய லாரி மேல ஏத்தி வெச்சிட்டாங்க, சும்மா ஸ்டியரிங்க ஆட்டிக்கினு இருந்தாரு. அவுரு சட்டையப் போட்டுக்கினு, டோப்பா வெச்சிக்கினு மலையில ஓட்டனது நான். அந்த நசுங்கலும் என்னுதுதான்."

புரோக்கரைப் பார்த்தேன். குரலைத் தாழ்த்தினார்.

"இத வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர். ரேட்டு எறங்கிடும்."

சத்தியமாக யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுவதோடு சரி.

என் கார் இன்னும் விற்கவில்லை. உங்களுக்குத் தெரிந்த பிரபலம் யாராவது கள்ளக்குறிச்சி பக்கம் வந்தால் அனுப்பிவையுங்கள். ஓட்டத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் போதும், சீட்டை நானும் துடைக்க மாட்டேன்.