முதல் ஐந்து நிமிடத் தண்ணீர்

கொல்கத்தாவின் தம்தம் பகுதியில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதையெல்லாம் எப்ப பொரிக்கப் போறீங்க?" என்பதுதான். மீன் இல்லாமல் சோறு இறங்காத வங்காளி வீட்டுக் கூடத்தில், நான்கடித் தொட்டியில் கடல்மீன்கள் சும்மா நீந்திக்கொண்டிருந்தால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும். என் மனைவி சுலேகா, "முதல்ல உங்களைப் பொரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்பாள்.

அவள் புறநகர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். தொட்டியின் நடுவிலிருக்கும் உயிர்ப் பவளத்தைப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கட்டைவிரல் நக அளவில் வாங்கி வந்தாள். இன்று அது சாப்பாட்டுத் தட்டின் அகலம். கொல்கத்தாவில் பாதிப் பேர் தொட்டியில் இருப்பது இதிலிருந்து வெட்டிக் கொடுத்த பிள்ளைகள்தான். மிகையாகச் சொல்கிறேன் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், என் மனைவியைப் பற்றித்தானே சொல்கிறேன்.

கடல் தொட்டிக்கு உப்புக் கலக்கும் முன் தண்ணீர் படுசுத்தமாக இருக்க வேண்டும். அதற்காகச் சமையலறைச் சுவரில் அவளே ஓர் ஆர்.ஓ. கருவியை மாட்டி, அதன் கடைசியில் நீல ரெசின் மணிகள் நிரம்பிய குழாயையும் சேர்த்திருந்தாள். மிச்சமிருக்கும் அழுக்கை அந்த மணிகள் பிடித்துக்கொள்ளும். சக்தி தீர்ந்தால் பழுப்பாகும். ஒரு முறை நிரப்பினால் நான்கு மாதம் தாங்கும். பிடித்த தண்ணீரில் எவ்வளவு அழுக்கு மிச்சம் என்று ஒரு சிறு மீட்டரில் அளப்பாள்; சைபர் என்றால் படுசுத்தம்.

போன வருடம் எங்கள் கட்டிடத்து ஆழ்குழாயை மூடிவிட்டார்கள். அதுவரை சனிக்கிழமைதோறும் ஒரே மூச்சில் தண்ணீர் பிடித்தவள், நகராட்சிக் குழாயில் தண்ணீர் வரும் மூன்று வேளையும் வேளைக்கொரு வாளி பிடிக்கத் தொடங்கினாள். மணிகள் மூன்றே வாரத்தில் பழுப்பாயின. மாற்றினாள், மறுபடியும் அதே கதி. கற்களில் பாசி படர்ந்தது. பவளம் உள்ளுக்குள் சுருங்கிக்கொண்டே போனது. அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

மீன் வளர்ப்போர் சங்கத்து தீபங்கர் லாகிரி வந்து பார்த்தார். எதற்கும் புதிது வாங்கச் சொல்பவர். சுலேகா அவருக்கு பௌதி, அதாவது அண்ணி; நான் தாதா, அண்ணன்.

"பௌதி, விளக்கை மாத்துங்க. இந்தச் சுவத்து மிஷினையும் தூக்கிப் போடுங்க. என் வீட்ல இருக்கறது வெளிநாட்டு மிஷின் தெரியுமா?"

"உங்க வீட்டுத் தொட்டியில பாசி இல்லையா?"

"அது... வேற பாசி" என்றார் லாகிரி.

அவர் போனதும் நான் சும்மா இருந்திருக்கலாம். "எப்பப் பாத்தாலும் உன் மீட்டர் சைபர்தான் காட்டுது. பேட்டரி செத்திருக்கும்" என்றேன்.

அவளுக்குச் சுருக்கென்றது. வாளி நிறைந்தபின் அளப்பதுதான் அவள் வழக்கம். அன்று என் வாயை அடைக்கவென்றே, மதியத் தண்ணீர் வந்த கையோடு ரெசினுக்கு முன்னாலிருந்த குழாயைக் கழற்றி மீட்டரை வைத்தாள். நூற்றுப்பத்து! ஐந்து நிமிடம் கழித்து வைத்தாள். எட்டு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, கவுன்டர் திறந்ததும் முதல் பத்துப் பேர்தான் முட்டி மோதுவாங்க. அப்புறம் வரிசை தானா நேராயிடும். மிஷின் நின்னு கிடந்துட்டு ஓடுனா முதல் தண்ணி இப்படித்தான் வருது. வாரத்துக்கு ஒரு தடவை வாங்கின அடியை, இந்த மணி இப்போ தினம் மூணு தடவை வாங்குது. வாளி நிறைஞ்சப்புறமே அளந்து அளந்து நானே ஏமாந்திருக்கேன்."

அந்த வாரமே மொட்டை மாடியில் ஒரு டிரம் ஏற்றினாள். மூன்று வேளைத் தண்ணீரும் அதில் சேரும், சனிக்கிழமை மட்டும் கருவி ஓடும். ரெசினுக்கு முன் ஒரு பக்கக் குழாயும் வால்வும் வைத்தாள். முதல் ஐந்து நிமிடத் தண்ணீர் வாளிக்குப் போகும். அதில் வீடு துடைப்பது என் வேலை.

மூன்று மாதம் ஓடி, துர்கா பூஜை முடிந்து குளிர் தொடங்கும்போது மணிகள் இன்னும் நீலமாகவே இருந்தன. பவளம் விரிந்து ஆடியது. அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

தான் கண்டுபிடித்ததைச் சங்கத்தில் சொன்னாள். லாகிரியிடமிருந்து போன் வந்தது.

"பௌதி, நானும் முதல் தண்ணியை அளந்தேன்."

"எவ்ளோ?"

"நூத்தி முப்பது."

"வெளிநாட்டு மிஷினாச்சே, கூடத்தான் காட்டும்" என்றாள். பிறகு, "ஒரு டப்பா எடுத்துட்டு வாங்க. பவளத்துல ஒரு துண்டு வெட்டித் தரேன்" என்றாள்.

வந்தவர் சுவரிலிருந்த குழாய்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். பக்கத்தில் வாளியோடு நின்ற என்னிடம், "இந்த வால்வு யோசனை உங்களுதா தாதா?" என்று கேட்டார்.

"நான் மீன் திங்கறவன்" என்றேன். "வளக்கறவ அவ."