பிரிக்பீல்ட்ஸில் இரண்டு ராகு காலம்

என் கணவருக்கு ரயில்வேயில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, கிடைத்ததும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். அவர், நான், ஒரு வயதுகூட நிரம்பாத எங்கள் மகள், அப்புறம் பஞ்சாங்கம். இங்கே, மலாய் நாட்டில் இறங்கியதும் தனிமை முகாமில் அடைத்து, நோய் பரவக் கூடாதென்று எங்கள் துணிமணிகளை எல்லாம் ஆவியில் வேகவைத்துத் தந்தார்கள். என் கல்யாணப் பட்டு அதோடு சரி. பஞ்சாங்கத்தை மட்டும் யாரும் தொடவில்லை. அவர் அதை மடியில் கட்டி வைத்திருந்தார்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். வரிசை வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்பக்கம் தண்டவாளம். 'பட்டணத்துக்கு நடுவில் வீடு' என்று கப்பலில் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். பொய் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு ரயிலும் எங்கள் சட்டி பானைகளை விசாரித்துவிட்டுத்தான் போயிற்று.

கப்பல் கிளம்பிய நாளிலிருந்து அவர் தன் சட்டைப்பைக் கடிகாரத்தைத் திருத்தவே இல்லை. இந்த ஊர் மணி நம் ஊர் மணியைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடும். ஆபீசுக்கு இந்த ஊர் மணி வேண்டுமே என்று சுவரில் ஒரு கடிகாரம் மாட்டினார். மற்ற நல்லது கெட்டதுக்கெல்லாம் சட்டைப்பைக் கடிகாரம்தான். பஞ்சாங்கம் நம் ஊரில் அச்சடித்தது, அதற்கு இந்த ஊர் மணியைப் பார்த்தால் எப்படிப் பொருந்தும் என்பது அவர் வாதம். துரைக்கு ஒரு நேரம், ராகுவுக்கு ஒரு நேரம். இரண்டுக்கும் நடுவில் உலை வைக்க எனக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தார். அவர் வீட்டுக்காரர் ரயில் இஞ்சின் ஓட்டுபவர். எங்களுக்கு வெகு காலம் முன்பே வந்தவர்கள். எங்கள் வீட்டு விவகாரத்தைக் கேட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன தம்பி இது? சூரியன் உதிக்கிறத வச்சுத்தான ராகு காலம்? சூரியன் இங்க உதிச்சா இங்கத்து மணிதான் கணக்கு."

என் கணவர் எதையும் யோசித்துச் செய்கிறவர். இதையும் யோசித்தார். அக்கா சொல்வதில் நியாயம் இருக்கலாம், தான் சொல்வதிலும் இருக்கலாம், ஆகவே இரண்டு ராகு காலத்தையும் விலக்கிவிடுவதே உத்தமம் என்று முடிவுக்கு வந்தார். ராகு காலமோ தினம் ஒன்றரை மணி நேரம். இந்த ஊர் ராகு காலம் முடிகிற நிமிஷத்தில் எங்கள் ஊர் ராகு காலம் ஆரம்பிக்கும், ரயில்வேக்காரர்கள் டூட்டி மாற்றிக்கொள்கிற மாதிரி. பாசாருக்குக் கிளம்பக்கூட இரண்டு ராகுவும் வழிவிட வேண்டும். நல்ல காயெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு போய், வாடிய கீரையோடு நல்ல நேரத்தில் வீடு திரும்புவோம். ஆபீசுக்கு மட்டும் இந்தச் சட்டம் கிடையாது. துரை முன்னால் ராகுவும் வாயைத் திறக்க மாட்டான் போலிருக்கிறது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

குழந்தைக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். கஷாயம் கொடுத்தேன், கக்கிவிட்டாள். சாயங்காலம் தொட முடியாதபடி உடம்பு கொதித்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், கிளம்புங்க" என்றேன்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை. இப்பதான் ராகு காலம் ஆரம்பிச்சிருக்கு. ஆறு மணி ஆகட்டும், உடனே கிளம்பிடலாம்."

ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு அடித்தது. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். அவர் ஆணியில் தொங்கிய சட்டையின் பைக்குள் கையை விட்டார்.

"நம்ம ஊர்ல இப்பத்தான் நாலரை" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் குழந்தையின் கண்கள் மேலே செருகின. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ.

"நம்ம ஊரு ராகு கடல் தாண்டி வர்றதுக்குள்ள நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடுறேன். நீங்க இருந்து அவருக்குக் காப்பி போட்டுக் குடுங்க!"

கத்திவிட்டு வெளியே வந்தேன். வந்த பிறகுதான், ஆஸ்பத்திரி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. அதுவரை அந்தத் தெருமுனையை நான் தனியாகத் தாண்டியதில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா ஒரு ரிக்ஷாவை மறித்து, சீன ரிக்ஷாக்காரரிடம் மலாயில் ஏதோ சொன்னார். அக்கா கணக்கில் ராகு காலம் முடிந்துவிட்டது, அதனால் தடை ஒன்றும் சொல்லவில்லை.

"ஏறி உக்காரு. எங்க போகணும்னு சொல்லிட்டேன். பயப்படாத லா."

பயந்தேன். என் உயிரே போய்விடும் போலப் பயந்தேன். அந்த ரிக்ஷாக்காரருக்கு ராகு என்றால் யாரென்றே தெரியாது. என் முகத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு ஆஸ்பத்திரி வாசல் வரை நிற்காமல் ஓடினார்.

அங்கே டாக்டருக்கு உதவியாக இருந்த டிரஸ்ஸர் தமிழர். குழந்தையைக் கையில் வாங்கியதும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

என்னவென்று சொல்வேன்? இந்த ஊர் ராகு டூட்டி முடிந்து போகட்டும் என்று காத்திருந்தோம் என்றா? பதிலுக்கு நிற்காமல் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. வெறுங்கையோடு வராந்தாவில் நின்றேன். தோள் மட்டும் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். என் கணவர். சட்டை இல்லை, வெறும் பனியன். காலில் செருப்பும் இல்லை. கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. ரிக்ஷாவுக்குப் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார்.

"உள்ள இருக்காளா?" என்றார்.

தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்திருந்தால் அவரை என்ன சொல்லியிருப்பேனோ. அவர் வந்து என் பக்கத்துத் தூணில் சாய்ந்து நின்றார்.

வெகு நேரம் கழித்து உள்ளே குழந்தை வீறிட்டாள். ஊசி போட்டிருக்க வேண்டும். வலியைவிடக் கோபம் அதிகமாக இருந்த அழுகை. என் பெண்தான், சந்தேகமில்லை. டிரஸ்ஸர் தலையை நீட்டினார். "ஜன்னி விட்டுடுச்சும்மா. மலேரியாக் காய்ச்சல். கொயினா மருந்து குடுக்கணும், இங்கயே இருக்கட்டும்."

மகள் பிழைத்தாள். வளர்ந்தாள், கல்யாணமும் ஆகிவிட்டது. இரண்டு ராகு காலமும் முழுதாக முடிந்து, நல்ல நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டதால்தான் குழந்தை தேறினாள் என்று சம்பந்தி வீட்டாரிடம்கூட இவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர்களும் பயபக்தியோடு கேட்டுக்கொள்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. எங்கள் ஊர் ராகு காலம் பாதிகூட முடிவதற்குள் என் பக்கத்தில் வந்து நின்று, அவள் அழுத சத்தம் கேட்டதும் தூணைக் கட்டிக்கொண்டு விம்மி அழுத மனிதரை நான் பார்த்திருக்கிறேன்.